ராமசாமி என்றொரு தோஸ்த்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஹிந்தி வாய்மொழிப் பரீட்சை. சர்க்கார் குமாஸ்தா இதிலிருந்து தப்ப முடியுமா?

மூன்று மாதமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் விமலா. நான் மாற்றலாகி வந்திருக்கும் இந்தத் தீவிலேயே பிறந்தவர். தமிழைவிட ஹிந்தி சுலபமாக வரும். காலையில் பாம்பூஃப்ளாட் துறையில் ஆபீஸுக்கு ஃபெரி ஏறினால் அக்கரையில் சாத்தம் துறை போய்ச் சேரும்வரை பாடம்தான். ஹிந்தியில் கப்பல் ஆணாம், அதில் வரும் தபால் பெண்ணாம்! ஊரிலிருந்து கப்பல் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையா?

பரீட்சை அதிகாரி கேட்டார்: “உங்கள் நண்பர் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள்.”

இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகம் விமலாதான். ஆனால் பெண் என்றால் ‘மேரா’ போய் ‘மேரி’ வர வேண்டும், வினைச்சொல் மாற வேண்டும்... எதற்கு வம்பு? “மேரா தோஸ்த் ராமசாமி” என்று ஆரம்பித்தேன். அப்படி எனக்கு யாரும் கிடையாது. ராமசாமி உயரமானவன், நல்லவன், மீன் பிடிப்பான் — ஆண்பாலில் வண்டி ஜோராக ஓடியது.

“ஹிந்தி யாரிடம் கற்றீர்கள்?” என்றார் அதிகாரி.

ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன்? “ராமசாமியிடம்” என்றேன்.

பரீட்சை அறை வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? விமலாவேதான்!

மறுநாள் ஃபெரியில் அவர் எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. இருந்த ஒரு சிநேகமும் போச்சு! மூன்றாம் நாள் நானே எதிரில் போய் நின்றேன். “ஜெண்டர் தப்பாகிடுமோன்னு பயம்...” என்று இழுத்தேன்.

“அரே, ஜூட்... பொய் பேசாதீங்க சார். க்ராமருக்கு பயந்தீங்களா, ஆபீஸ்ல நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயந்தீங்களா? மூணு மாசம் சொல்லிக்குடுத்தேன். என் பேரு உங்க வாயில வரலியா?”

சுருக்கென்று தைத்தது. உண்மை அதுதான். ஒரு பெண்ணைச் சிநேகிதி என்று சொன்னால் கண்ணடிப்பதற்கென்றே எங்கள் செக்‌ஷனில் ஆட்கள் உண்டு. பாவம், இலக்கணம்! பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அந்தச் செக்‌ஷனில் பாதிப் பேர் அதே ஃபெரியில்தான் நின்றார்கள். என்ன செய்வது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி ஹிந்தியில் ஆரம்பித்தேன் — விமலா என் தோஸ்த், எனக்கு ஹிந்தி சொல்லித் தந்தவர், ராமசாமி என்று யாருமே கிடையாது...

ஆண்பாலும் பெண்பாலும் கலந்து சாம்பாராக வந்தது. ஒரு வங்காளித் தச்சர் என்னைத் திருத்தினார். அவரை ஒரு மலையாளி திருத்தினார். செக்‌ஷன் ஆட்கள் கண்ணடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்!

விமலா கடலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சப் கலத்... எல்லாமே தப்பு சார். உக்காருங்க.”