துளசிமணியின் பங்கு

ஆயா வேலையில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரிதில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஊனமுற்ற பெண்கள் விடுதியில் இருந்தேன். இந்த வேலை பார்த்தவர்களுக்கு என் கவலை புரியும்.

சர்க்கரை

துளசிமணிக்கு முப்பது வயது. பிறவியிலிருந்தே கைகால் இழுத்துக்கொண்டிருக்கும். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். புத்தியில் குறையே கிடையாது. ஒருநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கேன்டீன்காரர், "இந்தம்மா காபிக்குச் சர்க்கரை போடலாங்களா?" என்று என்னைக் கேட்டார். எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்ற பயத்தில், "வேண்டாமுங்க" என்றேன். காபி வந்த பிறகுதான் அவளுக்குச் சொல் கூடி வந்தது. "குடிக்கறது நானுங்க. ரெண்டு கரண்டி போடுங்க."

தீபாவளிப் புடவை

அப்பா இறந்ததும் அவள் அண்ணன் கோர்ட்டுக்குப் போய், தங்கைக்கு விவரம் தெரியாது என்று உத்தரவு வாங்கி, தானே காப்பாளர் ஆகியிருந்தார். பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்திருந்த சமயம். எங்கள் பக்கத்தில் அண்ணன் சீர்ப்புடவை கொடுத்தால், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கை படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். மறுத்தால் பிறந்த வீட்டு உறவே போய்விடும்.

அந்தத் தீபாவளிக்குப் புடவையோடு பத்திரமும் மை டப்பாவும் வந்தன. "ஏனுங்க ஆயா, அவ கையப் புடிங்க" என்றார் அண்ணன். நான் பிடித்தும்விட்டேன். அவள் விரல்களை மடக்கிக்கொண்டு, "படிங்கக்கா" என்றாள். ஏழாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தோட்டம், கிணறு, அவள் பங்கு மொத்தமும் அண்ணனுக்கு. "பொடவை நல்லாருக்குங்கண்ணா. பத்தரத்தைக் கொண்டுபோயிருங்க."

பத்திர ஆபீஸ்

காப்பாளர் கூப்பிட்டால் விடுதியில் தடுக்க முடியாது. அடுத்த வாரமே பத்திரப்பதிவு ஆபீசுக்குக் காரில் கூட்டிப்போனார். சக்கர நாற்காலி தள்ள நானும் போனேன். கைநாட்டு வைத்தால் தோட்டம் போச்சு. வைக்காவிட்டால் விடுதியை விட்டே கூட்டிப்போய்விடுவாரோ என்று நினைத்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளினேன்.

பதிவாளர் அவளைப் பார்த்து, "சம்மதமாம்மா?" என்றார்.

"இல்லீங்க."

அண்ணன் அவசரமாகக் கோர்ட் உத்தரவை நீட்டினார். "இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாந்தான் காப்பாளர், நானே போட்டுத்தாரேன்."

பதிவாளர் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வெவரம் தெரியாதவங்க சொத்தைக் கோர்ட் அனுமதியில்லாம நீங்களே எழுதிக்க முடியாதுங்க. வெவரம் தெரியும்னா, அவங்கதான் இல்லீன்னுட்டாங்களே?"

ஜட்ஜ் காத்திருந்தார்

விடுதி வார்டன் வக்கீல் பிடித்துக் கொடுக்க, காப்பாளர் உத்தரவை நீக்கச் சொல்லித் துளசிமணி மனுப் போட்டாள். ஜட்ஜ் தோட்டத்தைப் பற்றி அவளிடம் கேட்டார். வழக்கம்போல் பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தார். சர்வே எண், எந்த வரப்பில் எத்தனை தென்னை என்று அவள் சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. உத்தரவு ரத்தானது.

வெளியே அண்ணன் முகம் கொடுக்காமல் நின்றார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பச் சொன்னாள். "இந்த வருசம் மஞ்சளா வாழையான்னு என்னையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு நடுங்கண்ணா."

நானும் ஒரு புடவைக்கு என் அண்ணன்மாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். விவரம் தெரிந்தவள் போட்டதாம், அதனால் அதை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யாதாம்.