முழங்கை வரை வளையல்

சித்தி கோர்ட்டில் பேசுவதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவள் எங்கள் அம்மாவைக் காட்டிக் கொடுக்கிறாள் என்றே நினைத்தேன். எனக்குப் பத்து வயது. இன்றைக்கு ராபர்ட்சன்பேட்டையில் வக்கீலம்மா வீடு என்றால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு வழி கேட்க மாட்டார். காரணமில்லாமல் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், பெண் என்பதால் மேல் பதவிக்கு ஏற்றப்படாதவர்கள், எந்த லைன் வீடு என்று விசாரித்துச் சாதியை மோப்பம் பிடித்து ஒதுக்கப்பட்டவர்கள் என்று காலை ஏழு மணிக்கே மாடிப்படியில் ஆள் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அவளிடம் இருந்தது ஒரு கறுப்புக் கோட்டும் ஒரே ஒரு கேஸும்தான். அந்தக் கேஸும் சொந்த அக்காவுடையது.

அம்மா பெங்களூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான எங்கள் பாலகாட் லைனில் பாதி வீடு அப்படித்தான், விடியற்காலை ரயிலைப் பிடித்து ஓடும். தம்பி வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடந்தது. லைனில் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து அடுக்கியதில், அம்மாவின் இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். மறுநாள் அதோடேயே வேலைக்குப் போய்விட்டாள். மெஷின் பக்கம் வளையல் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் சட்டம். அம்மா எங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது கையில் ஒரு மெமோ இருந்தது.

எட்டு வருஷ வேலையில் ஒரு சொல் வாங்காதவள். அந்தக் காகிதத்தை அரிசி டிரம்முக்கு அடியில் செருகிவிட்டு, "யாராண்டயும் சொல்லாத, மானம் பூடும்" என்றாள். நானும் சாமி மேல் சத்தியம் செய்தேன்.

பிரசவம் நெருங்கியதும் லீவு லெட்டர் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். தம்பி பிறந்த பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து தபால் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாளாம், வேலை போயிற்றாம். போய்க் கேட்டால் லீவு லெட்டரே வரவில்லை, அவள் கர்ப்பம் என்பதே தெரியாது என்று சாதித்தார்கள். அம்மா நகல் எடுத்து வைக்கவில்லை. அவள் அழவும் இல்லை, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சித்தி வந்து வீட்டைக் குடைந்தாள். பிள்ளைத்தாய்ச்சியை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அக்கா கர்ப்பம் என்று கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு ஒரு காகிதம் கிடைத்தால் போதும் என்றாள். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில், "எங்க வீட்ல காயிதமே இல்ல சித்தி, அரிசி டிரம்முக்கு அடியிலகூட இல்ல" என்றேன். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய் டிரம்மைத் தூக்கினாள். படித்ததும் சிரித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். மானம் போவதில் இவளுக்கு என்ன சந்தோஷம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த நாள் வந்தது. பெங்களூர் லேபர் கோர்ட். கம்பெனி மேனேஜர் கூண்டில் நின்று கன்னடத்தில் அழகாகச் சொன்னார். ஐந்நூறு பெண்கள், எல்லாருக்கும் தொளதொள நீலக் கோட்டு, யாருக்கு எத்தனை மாதம் என்று அவர் எப்படிப் பார்ப்பார்? சித்தி ஒன்றும் மறுக்கவில்லை. அந்த மெமோவை எடுத்து நீதிபதியிடம் நீட்டினாள். அம்மாவின் ஒரே தப்பை எதிராளி கேட்காமலே எடுத்துக் கொடுத்த அந்தப் பாவியை நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டாள். மேனேஜருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஆமாம், இவள் சொன்ன பேச்சு கேட்காதவள், ஒன்றா இரண்டா, முழங்கை வரை கண்ணாடி வளையல், நானே கிட்டத்தில் போய்ப் பார்த்தேன், கழற்றச் சொன்னால் மாட்டேன் என்றாள் என்று அடுக்கினார். கம்பெனி வக்கீல் கண்ணைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை. சித்தி குரலைத் தாழ்த்தி, மிகவும் பணிவாகக் கேட்டாள்: "உங்க வீட்டுப் பொண்ணுங்க அந்த மாதிரி எப்ப போட்டுக்குவாங்க சார்?"

"சீமந்த..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அந்தக் கூடத்தில் வளைகாப்பு தெரியாத ஆள் கிடையாது. பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுசாகச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

தீர்ப்பு வர இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. பழைய வேலை, பழைய சர்வீஸ், ஒருநாள்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. அன்று லைனே திரண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் சித்திக்கு மாலை போட்டது. கூச்சத்தில் அவள் திட்டிக்கொண்டே நடந்து வந்தாள். அடுத்த வாரமே அதே ரயிலில் போகிற மூன்று பெண்கள் அவளிடம் கேஸ் கொடுத்தார்கள். மாலை போட்ட அன்று நானும் ஜெயிச்சிட்டோம் ஜெயிச்சிட்டோம் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஏனென்றால் இந்த இரண்டு வருஷமாகப் பள்ளிவிட்டு வரும்போது அம்மா வீட்டில் இருந்தாள், சூடாகச் சோறு போட்டாள், உட்காரவைத்துத் தலை பின்னினாள். ஜெயித்தால் அது என்றைக்கும் இருக்கும் என்பது என் கணக்கு.

திங்கட்கிழமை விடியற்காலை அம்மா டிபன் பாக்ஸோடு கிளம்பியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் போனேன். தம்பியை இடுப்பில் வைத்திருந்த சித்தி, "இன்னாடி, ஜெயிச்ச வீட்ல இப்டி அழுவுற?" என்றாள்.

"ஜெயிச்சிட்டு ஏன் மறுபடியும் வேலைக்குப் போவணும்?"

"அதுக்குத்தாண்டி ஜெயிச்சது."

நீ தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. ரயில் வந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து நாலைந்து கைகள் நீண்டு அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டன. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கன்னமெல்லாம் நனைந்திருக்க, யாரோ என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களை விட்டுப் போகிறவளுக்கு எதற்கு அத்தனை சிரிப்பு என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.