மேலே ஒன்றும் இல்லை

அந்தத் தெருவில் அவருக்கு ‘மெயின்’ என்று பேர். யார் வீட்டில் எது பழுதானாலும் செருப்பைக் கழற்றும்போதே “மெயினை ஆஃப் பண்ணியாச்சா?” என்றுதான் கேட்பார். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போனபோதுகூட அப்படிக் கேட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. இத்தனை வருஷத்தில் அவர் கை வைத்த வீட்டில் ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. அதைப் பற்றிப் பேச மட்டும் ஒரு நாதியைக் காணோம். வீட்டில் வாய்ச்சண்டை முற்றினால் அவர் மனைவி, “முதல்ல உங்க மெயினை ஆஃப் பண்ணுங்க” என்பாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும். சண்டையும் அதோடு போகும்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் பேரைக் கெடுத்தது கூடப் பிறந்த தம்பி வீட்டு ஹால்.

தம்பி வீடு கட்டியபோது மின்வேலை முழுக்க மெயின்தான் செய்தார். ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, வட்ட வட்டமாகத் துளை வெட்டி, ஹாலோஜன் விளக்குகளைப் பதித்தார். ஒவ்வொரு விளக்குக்கும் சீலிங்குக்கு மேலே கையகலத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். “எங்கண்ணன் வேலை” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பி காட்டினான். ஒரு வருஷம் போல எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் பிடித்தது சனி.

விளக்குகள் தாமாகவே அணைய ஆரம்பித்தன. போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒன்று போகும், பின்னாலேயே இன்னொன்று. சற்றுப் பொறுத்துத் தாமாகவே எரியும். மறுபடி போகும். தம்பியின் மேலதிகாரி சாப்பிட வந்த அன்று மொத்த ஹாலும் இருண்டது. அந்த இருட்டில், பத்துப் பேர் காதில் விழ, தம்பி சொன்னான்: “சொந்தக்காரங்ககிட்ட வேலை கொடுத்தா இதான் சார் கதி. ஏன்னு கேக்கவும் முடியாது.” விருந்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு வாத்தியாரும் அதைக் கேட்டார். கூடப் பிறந்தவன் வீட்டிலேயே விளக்கு நிற்கவில்லையாம் என்று மறுநாள் தெருவெல்லாம் பேச்சு. வாத்தியார் அப்போது மாடி எடுத்துக்கொண்டிருந்தார். மின்வேலை உங்களுக்குத்தான் என்று மெயினிடம் வாய் நிறையச் சொன்னவர். இப்போது மெயினைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

மெயினுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு தெரு இருக்கிறது. ஆனால் வேலை தெரியாதவன் என்று ஒருமுறை பேர் விழுந்தால் அதை எந்தத் தெருவில் போய்க் கழுவுவது?

பல்பை மாற்றினார். ஹோல்டரை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரையும் தன் கைக்காசைப் போட்டே மாற்றினார். ஒவ்வொரு முறையும் விளக்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் துளையிலிருந்து உருவி, வயரோடு தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். தொங்குகிறவரை மத்தியானம் முழுக்க சமர்த்தாக எரியும். திரும்ப உள்ளே செருகிவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்குள் போன் வரும். “அண்ணே, போயிடுச்சு.”

“மேல ஏதாச்சும் கிடக்குதோ என்னமோ” என்றாள் மனைவி ஒருநாள்.

“மேல என்ன இருக்கும்? நான்தானே மூடினேன். வெறும் காத்துதான்” என்று எரிந்து விழுந்தார். அந்த வீம்புதான் அவரைக் கெடுத்தது. தான் மூடிய இடத்துக்குள் இன்னொருவன் கை போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தம்பி வீடாயிற்றே.

பிறகு ஒருநாள், அணைந்த கையோடு ஒரு விளக்கை உருவினார். டிரான்ஸ்ஃபார்மர் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி விரலைச் சுட்டது. தொங்கும்போது இப்படிச் சுட்டதே இல்லையே. துளைக்குள் கையை விட்டுத் துழாவினார். காற்று இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தார். வெயில் சூட்டைத் தடுக்கப் போடும் மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு. டிரான்ஸ்ஃபார்மர்களைக் கம்பளி போர்த்திய மாதிரி மூடியிருந்தார்கள். சூடு போக வழியில்லை. அளவுக்கு மீறிச் சுட்டால் தானாக நின்று, ஆறினால் எரியும்படி உள்ளே ஒரு காவல் உண்டு. இத்தனை நாளும் விளக்கு கெட்டுப்போய் அணையவில்லை. வீடு தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அணைந்திருக்கிறது.

“மேல பஞ்சு யாரும்மா போட்டது?” என்று தம்பி மனைவியிடம் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “போன வெயிலுக்கு, மாமா. ஹால் வேகுதுன்னு அவர்தான் ஆள் வச்சுப் போட்டாரு. லைட்டைச் சுத்தி இடம் விடணும், வேலை இழுக்கும்னு அந்த ஆள் சொன்னாரு. அதெல்லாம் வேணாம், அப்படியே மூடுன்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன்.”

உள்ளறையிலிருந்து தம்பி வந்தான். அண்ணன் கையில் பஞ்சைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“வேற ஆளைக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லலண்ணே.”

“லைட்டு ஏன் போகுதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“சந்தேகம் இருந்துச்சு. சரி, ஆனது ஆச்சு. நீ சரி பண்ணிடு. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்காதண்ணே. நம்ம வீட்டு விஷயம்.”

“எனக்கு வேலை தெரியாதுங்கறதை ஊரைக் கூட்டி வச்சுச் சொன்ன. இது மட்டும் வீட்டு விஷயமா?”

மெயினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பான். ஆனால் அந்தக் காவலும் ஒருநாள் பழுதாகும், அதற்குக் கீழேதான் இவர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். மெயினை ஆஃப் பண்ணச் சொன்னார். சீலிங்கின் மூலையிலிருந்த பலகையைத் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் சுற்றிப் பஞ்சை விலக்கி, மறுபடி சரியாதபடி தகட்டை வளைத்துத் தடுப்பு வைத்தார். விலக்கிய பஞ்சை ஒரு சாக்கில் அடைத்தார். விளக்கைப் போட்டுவிட்டு பஞ்சு பட்டு அரிக்கிற கையைச் சொறிந்தபடி ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேட்கவும் மனம் வரவில்லை. விளக்குகள் அணையவேயில்லை.

வெளிச்சத்தைப் பார்த்து எதிர்வீட்டு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். “என்ன, ஒரு வழியா எரியுது போல?”

“ஏதோ லூஸ் கனெக்‌ஷன் சார். அண்ணனே கண்டுபிடிச்சுட்டாரு” என்று முந்திக்கொண்டான் தம்பி.

மெயின் எழுந்து சாக்கைக் கொண்டுபோய் வாத்தியார் முன்னால் வைத்தார். “லூஸ் கனெக்‌ஷன் இல்ல சார். நான் முடிச்சுட்டுப் போனப்புறம் இவன் மேல பஞ்சைப் போட்டு மூடியிருக்கான். சூடு தாங்காமத்தான் அணைஞ்சிருக்கு. என் வேலைல கோளாறு இல்ல.”

வாத்தியார் சாக்கைப் பார்த்தார், அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு சமாதானம் செய்கிறவர் போலச் சிரித்தார். “விடுங்க. அண்ணன் தம்பிக்குள்ள யார் தப்புன்னு பாத்தா முடியுமா? எரியுதுல்ல, அது போதும்.” படி இறங்கப் போனவர் திரும்பினார். “மாடி வேலையை வேற ஆளுக்குச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

வீட்டுக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அரிப்பு அடங்கவில்லை. மனைவி துண்டை நீட்டினாள்.

“லைட்டு?”

“எரியுது. நீ சொன்ன மாதிரி மேலதான் இருந்துச்சு.”

“தம்பி என்ன சொன்னாரு?”

அவர் கையைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போட்டார்.

“எனக்கு வேலை தெரியுங்கறது வீட்டு விஷயமாம்” என்றார்.