நட்சத்திரம் அணைந்த தெருவில்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு இருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் அதை இறக்கித் துடைத்து, புது மேன்டில் வலை கட்டி வைப்பேன். "காயலான் கடையில போட்டுடலாம்பா" என்பான் என் மகன். நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். அது பாஸ்டரம்மா என் கையில் கொடுத்த விளக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செம்பாக்கத்தில் எங்கள் சபை ஓலைக் கொட்டகையில் கூடியது. பாஸ்டர் இறந்த பிறகு அவர் மனைவி, எங்கள் பாஸ்டரம்மாதான், ஆராதனை நடத்தினார். எங்கள் மைக் சத்தம் தெருவுக்குப் பிடிக்கவில்லை. ஊரின் பழைய குடும்பத்துக்காரர் ஒருவர், எல்லோரும் தலைவர் என்று அழைப்பவர், ஆட்களோடு வந்து கொட்டகையின் கரண்ட் ஒயரை அறுத்தார். "கிறிஸ்மசுக்குள்ள கொட்டாய பிரிச்சிடணும். இல்லன்னா நாங்க பிரிப்போம்" என்றார். சபையில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பாஸ்டரம்மா இந்தப் பழைய விளக்கை வாங்கி வந்து, அதன் வெளிச்சத்தில் ஜெபம் நடத்தினார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "நம்ம மேல கோவப்படறவரையும் ஆண்டவர் நேசிக்கிறாருப்பா. அத மறந்தாதான் பயம் வரும்" என்றார். எனக்கு அப்போது அது முழுதாக விளங்கவில்லை.

அந்த வருடமும் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போனோம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பாட்டுப் புத்தகத்தை வேகமாகப் படிக்கவும் வராது. ஆகவே விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது என் வேலை. விசுவாசிகள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் எரியும். அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைவோம். இருட்டத் தொடங்கியபோது தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. உத்தேசமாக ஒரு கேட்டைத் திறந்தேன். பின்னால் வந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றவர் தலைவர்.

பாட்டு பாதியில் நின்றது. "இன்னா தில்லு. என் வூட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றார். நான் விளக்கோடு ஓரடி பின்வாங்கியதில் எங்கள் நிழல்களெல்லாம் சுவரில் ஆடின.

"தெரியாமத்தாண்ணா வந்துட்டோம். வந்தது வந்தாச்சு, பாட்ட முடிச்சிட்டுப் போறோம்" என்ற பாஸ்டரம்மா தனியாகவே அடுத்த அடியை எடுத்தார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அன்று ஜெபத்தில் அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை அறியாமல் நானும் பாடினேன்.

உள்ளே அழுதுகொண்டிருந்த அவருடைய பிள்ளைகள் வெளிச்சத்தைக் கண்டு ஓடிவந்து தலைவரின் காலருகே நின்றன. பாட்டு முடிந்ததும் அவர் பிள்ளைகளின் தலையைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புள்ளைங்க இருட்டுல பயந்துகினு கெடந்துச்சுங்க. கரண்ட் வர்ற வரைக்கும் பாடுங்கம்மா."

தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து பாடினோம். கிளம்பும்போது கேட்டுவரை வந்தார். "கொட்டாய் இருந்துட்டுப் போவுது. மைக் மட்டும் வேணாம். உங்க தொண்டையே போதும்" என்றார். கிறிஸ்துமஸ் காலையில் அவருடைய ஆளே வந்து ஒயரை இணைத்தான்.

பாஸ்டரம்மா இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் மாடியோடு ஆலயம் நிற்கிறது. தெருவெல்லாம் விளக்கு. ஆனாலும் ரவுண்ட்ஸின் முதல் பாட்டு தலைவர் வீட்டு வாசலில்தான். அன்று அவர் காலருகே நின்ற மூத்தவன் இப்போது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே காத்திருப்பான். "இன்னாண்ணா, வெளக்கு ஏத்தலியா?" என்பான். நான் பம்ப் அடிப்பேன். மேன்டில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு எல்லோருக்கும் முன்னால் நின்று, முதல் அடியை நான்தான் எடுப்பேன்.