நாற்காலியை நகர்த்தாத முதலாளி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்றைக்குக் கதவில் ‘ஹுடாக்’ என்று பெயர் எழுதிய இழுவை லாரிகள் பதினொன்று இந்த ஊரில் ஓடுகின்றன. பழுதாகி நின்ற வண்டி, பனியில் புதைந்த வண்டி, ஆற்றுப் பாலத்தடியில் தலைகுப்புற விழுந்த வண்டி, எதுவானாலும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். போலீஸ்காரர்களே கூப்பிடுவார்கள். ஒற்றை லாரியில் தொடங்கி இப்படி ஒரு தொழிலைக் கட்டிய படித்தவன் எவனையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் நானே உண்டாக்கினேன் என்று சொன்னால் அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி எம்மெட் காரிட்டி. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரிட்டி, எங்கள் ஊர் ரிவெட்டர்ஸ் அணியின் முதலாளி; பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து அணி அது. பத்திரிகைகளில் அவர் படம் வரும். ஆனால் அவர் குடியிருந்தது கோல்பர்ட் தெருவில், ஆலைத் தொழிலாளிகளின் வீடுகளோடு சுவர் ஒட்டிய ஒரு செங்கல் வீட்டில். கார் நிறுத்தக் கொட்டகை அவருக்கும் கிடையாது. எங்களைப் போலவே தெருவோரத்தில்தான் நிறுத்துவார். பனி கொட்டினால் எங்களைப் போலவே பனி வாரும் ஷவலை எடுத்துக்கொண்டு இறங்குவார். இடத்தைத் தோண்டி முடித்ததும் கைப்பிடி ஒன்று போன பழுப்பு நிற மரநாற்காலியை அதில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.

நாற்காலி என்றால் எங்கள் தெருவில் அதற்குமேல் பேச்சு கிடையாது. பனியை வாரியவன் வைத்தது. அவன் வந்து எடுக்கும்வரை அந்த இடம் அவனுடையது. சட்டத்தில் அப்படி இல்லை என்று நகராட்சி சொல்லும். நகராட்சிக்காரர்களும் தங்கள் வீட்டு முன்னால் நாற்காலி வைத்திருப்பார்கள்.

எழுபத்து நான்காம் வருடம், தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் இரண்டடி பனி. அப்போது நான் ஆலை வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடனில் வாங்கிய பழைய லாரி ஒன்று, கைக்குழந்தைகள் இரண்டு. ஆலையை விடாதே என்று சொல்லாத ஆள் இல்லை. நானோ, ஒரு வருடத்தில் பாருங்கள் என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். அந்த நேரம்தான் ரிவெட்டர்ஸ் மைதானத்தில் ஆட்ட நாட்களில் குறுக்கே நிற்கும் வண்டிகளை இழுக்கும் ஒப்பந்தம் எனக்குத் தருவதாக அணியின் மேலாளர் ஹால்ஸி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து. அது கிடைத்தால் லாரி என்னுடையது. கிடைக்காவிட்டால் மறுபடியும் உலை முன்னால், அதே ஆட்களின் சிரிப்புக்கு நடுவே.

மத்தியானம் கோல்பர்ட் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் பச்சை பிளிமத் கார் ஒன்று நின்றிருந்தது. அதன் பக்கத்தில் பாலிக் அத்தை, இடுப்பில் கை வைத்தபடி. எழுபத்தொரு வயது விதவை. தெரு முழுக்க அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை தனியாளாகப் பனியை வாரி, தன் மஞ்சள் நாற்காலியை வைத்துவிட்டு, பிரோகிக் கொழுக்கட்டை பிடிக்கத் தேவாலயத்து அடித்தளச் சமையலறைக்குக் காரில் போயிருக்கிறார். திரும்பி வந்தால் அவர் இடத்தில் நீளமான வெள்ளை காடிலாக் கார். நாற்காலி பனிக்குவியலில் கால் மேலே தெரியக் கிடக்கிறது.

“என்ன அத்தை, யாரு வண்டி?”

“பிசாசு வண்டி. மூணு மணி நேரம் வாரியிருக்கேன்டா ரூடி. முதுகு என்னுதில்ல இப்ப. லாரி வச்சிருக்கியே, அலங்காரத்துக்கா வச்சிருக்க?”

நம்பர் பலகையைப் பார்த்தேன். நம் பென்சில்வேனியாதான். வெளியூர்க்காரனாக இருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். உள்ளூர்க்காரன் நாற்காலியை எடுப்பதா? கொக்கியை இறக்கினேன். பத்து நிமிடத்தில் காடிலாக் என் லாரிக் கொட்டகையில். இன்றைக்கும் அவ்வளவு பெரிய வண்டியை அவ்வளவு சுத்தமாக, பக்கத்து வண்டிகளில் ஒரு கீறல் விழாமல் எடுக்க இந்த ஊரில் இரண்டாவது ஆள் இல்லை.

இரண்டு மணிக்கு வீட்டில் போன் அடித்தது. ஹால்ஸி.

“ஹுடாக், வெள்ளை காடிலாக் ஒண்ணு உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு சார்.”

“அது யாரோடதுன்னு தெரியுமா?”

தெரியவில்லை. அவரே சொன்னார். டெக்சாஸிலிருந்து வேட் ப்ரூயிட் வந்திருக்கிறான். நாட்டிலேயே பந்தை அவனைப்போல் எறிய ஆள் இல்லை என்று அன்றைக்குப் பேச்சு. முந்தின வருடம் பதினான்கு ஆட்டத்தில் மூன்றே மூன்று ஜெயித்த எங்கள் அணிக்கு அவன் வருவானா, வேறு ஊருக்குப் போவானா என்று ஆறு வாரமாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவனைக் காரிட்டி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். விமான நிலையத்தில் எடுத்த வாடகை வண்டி, அதனால்தான் நம் ஊர்ப் பலகை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்து பார்த்தால் வண்டியைக் காணோம்.

காடிலாக்கைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தியபோது நடைபாதையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கழுத்துத் துணிகூட இல்லாமல் மெல்லிய சட்டையும் கூர்மூக்குப் பூட்ஸுமாக நடுங்கிக்கொண்டு ப்ரூயிட். பக்கத்தில் முகம் சிவந்து ஹால்ஸி. பின்னிய தொப்பியோடு காரிட்டி. எதிர்வீட்டுப் படிகளில் ஏழெட்டுத் தலைகள். பாலிக் அத்தை தன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கதவைத் திறப்பதற்குள் ஹால்ஸி ஆரம்பித்துவிட்டார். “திங்கட்கிழமை நீ வர வேண்டாம். மைதானத்துப் பக்கம் உன் லாரிய நான் பார்க்கவே கூடாது.”

நான் லாரியிலிருந்து இறங்கினேன்.

காரிட்டி மெதுவாகக் கேட்டார். “ரூடி, நாற்காலி இருந்துச்சா?”

“இருந்துச்சு மிஸ்டர் காரிட்டி. பனியில தலைகீழாக் கெடந்துச்சு.”

“எடுத்தது யாரு?”

“நான்தாங்க,” என்றான் ப்ரூயிட். “யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். ஓரமா வச்சேன். விழுந்திருக்கும்போல.”

“அது மறந்துட்டுப் போனதில்ல தம்பி,” என்றார் காரிட்டி. “அது மிசஸ் பாலிக்.”

பையன் நாற்காலியைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது; தொப்பி போடாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதுபோல் கை போனது.

ஹால்ஸி விடவில்லை. “எம்மெட், ஒரு சமையலறை நாற்காலிக்காக ப்ரூயிட்டைக் கைவிட்டுடப் போறோமா? நம்ம விருந்தாளி வண்டிய இழுத்துட்டுப் போயிருக்கான் இந்த ஆளு.”

காரிட்டி என்னிடம் திரும்பினார். “என் விருந்தாளி வண்டின்னு தெரிஞ்சிருந்தா இழுத்திருப்பியா ரூடி?”

இழுத்திருப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாகப் பின்னால் நூறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் சொன்னது இவ்வளவுதான். “தெரியல சார். அத்தை நடுத்தெருவுல நின்னுட்டு இருந்தாங்க.”

அவர் தலையாட்டினார். பிறகு ஹால்ஸியிடம், கோபமே இல்லாமல், “மைதானத்துல வண்டி இழுக்க உனக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும்? முதலாளி வண்டியா, விருந்தாளி வண்டியான்னு பார்த்துட்டு விட்டுட்டுப் போறவனா? மிசஸ் பாலிக் முப்பது வருஷமா டிக்கெட் வாங்குறாங்க. மூணே ஆட்டம் ஜெயிச்சோமே, அந்த வருஷமும் வாங்குனாங்க. நம்ம டீம்னா அவங்களும்தான். திங்கட்கிழமை ரூடி வருவான்” என்றார்.

அவர் வாயிலிருந்து ‘என் டீம்’ என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. நம்ம டீம். தோற்றாலும் நம்ம டீம்தான்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் காலத்துக்கும் கடன்பட்டவன். அவர் விடவில்லை. வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்து, தன் இடத்தில் நின்ற தன் வண்டியைக் கிளப்பினார். “தம்பி, உன் வண்டிய இங்க போடு. இது நான் வாரின இடம், நான் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்.” தன் வண்டியைக் கொண்டுபோய்த் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அறுபது வயதில், முழங்கால் பனியில் ஐந்து தெரு நடந்து திரும்பி வந்தார்.

அவர் வருவதற்குள் ப்ரூயிட் ஒரு ஷவல் கேட்டு வாங்கியிருந்தான். முதலாளிக்கு இன்னொரு இடம் தோண்டித் தருகிறானாம். டெக்சாஸ்காரன் பனி வாரியதை அன்றைக்குத்தான் பார்த்தோம். வாரியதையெல்லாம் பக்கத்து வண்டியின் மேலேயே கொட்டினான்.

“பந்தையும் இப்படித்தான் எறிவியா கண்ணு?” என்று அத்தை படியிலிருந்து கேட்டார். “பக்கத்து டீம் கையில போய் விழுமே.”

தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவன், ஒரு தட்டுப் பிரோகியோடு வெளியே வந்தான். காரிட்டி வீட்டில் அன்றைக்கு வெறும் மீன்தான், இறைச்சி ஆகாத தவக்கால வெள்ளிக்கிழமை அல்லவா. டெக்சாஸ் வயிற்றுக்கு அது எங்கே போதும். மறுநாள் காலை ரிவெட்டர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டான். பதினோரு வருடம் ஆடினான். வேறு ஊர்க்காரர்கள் கூடுதலாகவே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் நாற்காலிக் கதையைத்தான் சொன்னான். என் பெயரையும் சேர்த்துச் சொன்னான். டெலிவிஷனில்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒப்பந்தத்தில் இரண்டாவது லாரி வந்தது, பிறகு மூன்றாவது. காரிட்டி இருந்த இருபத்தெட்டு வருடமும் மைதானத்து வேலை என்னிடமே இருந்தது. ஒருமுறை அவருடைய சொந்த மருமகன் வண்டியையே வாசலிலிருந்து இழுத்தேன். அவர் போன் பண்ணி, “கீறல் விழலையே?” என்று மட்டும் கேட்டார்.

எண்பத்தெட்டாவது வயதிலும் தன் இடத்தைத் தானே வாரினார். உதவிக்குப் போனால் விரட்டுவார். “போடா, உன் நாற்காலிய நீ பாரு” என்பார். கடைசி ஜனவரியில் ஒரு காலை, அரைமணியில் முடிகிற வேலையை இரண்டு மணி நேரம் செய்து, மகள் எடுத்துப்போன தன் வண்டிக்காகக் கைப்பிடி போன அந்த நாற்காலியை வைத்துவிட்டு உள்ளே போனார். மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அடக்கத்தன்று தேவாலயத்துக்குப் போகும் வழியில் சவ ஊர்தி வீட்டு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அவர் மகள் மாரீன் கேட்டிருந்தாள். தெரு இரண்டு பக்கமும் ஆட்கள். வீட்டு முன்னால் ஒரே ஒரு வெற்றிடம், அதில் அந்த நாற்காலி. பனி உருகவில்லை. யாரும் தொடவில்லை. பாலிக் அத்தை இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் அவரே காவலுக்கு நின்றிருப்பார்.

சவ ஊர்தியிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் இறங்கினான். ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பிலிருந்து வந்தவன் போலிருந்தது. வண்டியை ஓரம் கட்ட இடம் வேண்டுமே என்று நாற்காலியை நோக்கிக் கை நீட்டினான்.

ஒரே நேரத்தில் இருபது குரல், “கை வைக்காதே.”

அவன் திகைத்துப்போனான். கூட்டத்திலிருந்து ஒரு உயரமான ஆள் முன்னால் வந்தார். தலை நரைத்திருந்தது, முழங்கால் சரியாக மடங்கவில்லை. வேட் ப்ரூயிட். டெக்சாஸிலிருந்து அன்று காலை வந்து, தேவாலயத்துக்குப் பின்னால் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்.

“தம்பி, அது மறந்துட்டுப் போனதில்ல,” என்றார்.

சவ ஊர்தி நடுத்தெருவிலேயே நின்றது. ஒரு நிமிடம் என்றார்கள், பத்து நிமிடம் நின்றது. பின்னால் வண்டிகள் மூன்று தெருவுக்கு நீண்டன. ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை. அந்தத் தெருவில் இழுக்க வேண்டிய வண்டி அன்றைக்கு அது ஒன்றுதான். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் கடைசியில் பனி உருகியது. தெருக்கூட்டும் வண்டி வரும் நாளில் மாரீன் போன் பண்ணினாள். இப்போது அணி அவள் பொறுப்பில். என் ஒப்பந்தத்தை அவளும் புதுப்பித்திருந்தாள்.

“ரூடி மாமா, நாற்காலிய எடுக்கணும். எனக்கு மனசு வரல. நீங்க வந்து எடுங்க.”

“நான் வாரின இடம் இல்லையேம்மா அது.”

“இந்தத் தெருவுல நாற்காலிக்காகப் பொழைப்பையே பணயம் வச்சவரு நீங்க ஒருத்தர்தான்னு அப்பா சொல்வார். நீங்களே வச்சுக்கோங்க.”

போனேன். பதினொரு லாரி வைத்திருப்பவன், ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு கோல்பர்ட் தெரு முழுக்க நடந்தேன். எதிர்வீட்டுப் படியிலிருந்து ஒருவன் கேட்டான்.

“என்ன ரூடி, இன்னைக்கு யாரோடத இழுத்துட்டுப் போற?”

“எம்மெட்டோடது,” என்றேன். “கீறல் விழாமத்தான் எடுத்திருக்கேன்.”