தையல்காரர் நெஞ்சில் ஒரு கோடு

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் மூச்சுப்பிடி என்றுதான் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க... விடுங்க" என்று பொழுதெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போய்விட்டது. அவள் கல்யாணத்தன்று போட்டோக்காரர் "ரெடி" என்றதும், "மூச்சைப் பிடிங்க!" என்று கல்யாணப் பெண்ணே கத்திவிட்டாள். மாமனார் முதல் கடைசி மச்சினன் வரை கன்னம் உப்ப நிற்கும் அந்தப் படம் இன்றும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

சிரிப்பு வந்தால் அவளுக்கு அடங்காது. அப்படிப்பட்டவளையே அழ வைத்த சாமான் ஒன்று உண்டென்றால் அது கிரிட்தான். மெல்லிய ஈயப் பட்டைகளைச் சீப்புப் பல் மாதிரி அடுக்கிய தட்டு. பருமனான உடம்புக்குள் போகும் கதிர் நேராக வெளியே வராது. முட்டி மோதிக் கண்டபடி சிதறும். சிதறியது படத்தில் விழுந்தால் எலும்பும் நுரையீரலும் சாம்பல் பூத்துவிடும். அதை மறிக்கத்தான் கிரிட். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகுக்கடியில் அதைச் செருகுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல கதிரையும் மறித்துப் படத்தைப் பாழாக்கும். மறுபடி எடுத்தால் நோயாளிக்கு மறுபடி கதிர்.

இதை ஒருநாள் புருஷனிடம் சொல்லிப் புலம்பினாள். அவன் பஸ் ஓட்டுகிறவன்.

"மூடுபனியில ஹை பீம் போட்டா ரோடு தெரியாது, பனிதான் வெள்ளையா தெரியும். அந்த மாதிரியா?"

"அதேதாங்க!"

"அப்ப லைட்டைக் குறைச்சுக்கோ."

"இது பஸ் இல்லைங்க, மனுஷன் நெஞ்சு!"

ஆஸ்பத்திரியில் கணக்கு டாக்டர் என்று ஒருத்தி இருந்தாள். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கதிர் அளவைக் கண்காணிப்பது அவள் பொறுப்பு. மூச்சுப்பிடிக்கு நெருங்கிய தோழி. ஒரு காலையில் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏய், கிரிட்டுக்கு முழுக்குப் போடலாம்டி! கம்ப்யூட்டருக்குள்ள ஆயிரக்கணக்குல பொய் உடம்பு செஞ்சேன். நேரா வந்த கதிர் எது, சிதறி வந்தது எதுன்னு பிரிச்சுக் காட்டி அதைப் பழக்கியிருக்கேன். இனிமே எந்தப் படத்தைக் கொடுத்தாலும், சிதறல் இவ்வளவுன்னு அதுவே கணிச்சுக் கழிச்சிடும்."

"பொய் உடம்பை வெச்சுப் படிச்சதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமாடி?"

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு உடம்பு வேணும்."

சோதித்துப் பார்க்க உயிருள்ள ஆள்மேல் கதிரைப் பாய்ச்ச முடியாதே! ஆகவே இருவரும் தண்ணீர் கேன்களை வயிறாக்கினார்கள், பஞ்சு மூட்டையை நுரையீரலாக்கினார்கள், படத்தில் தெரிகிறதா என்று பார்க்க நடுவில் மெல்லிய கம்பிகளை ஒளித்தார்கள். போர்வை போர்த்தி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, லிஃப்டுக்குள் தள்ளினார்கள். உள்ளே நின்ற பெரியம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், என்னம்மா இவருக்கு?"

"உடம்பெல்லாம் தண்ணிங்க," என்றாள் கணக்கு டாக்டர், முகத்தை இழவு வீட்டுக்காரி மாதிரி வைத்துக்கொண்டு.

மூச்சுப்பிடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்து சிரித்தாள். "சாகக் கிடக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா!" என்று பெரியம்மா நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். மேலதிகாரி விசாரிக்க வந்து, போர்வையை விலக்கி, கேனைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார்.

தண்ணீர் உடம்பில் கிரிட் போட்டு எடுத்த படமும், கிரிட் இல்லாமல் எடுத்துக் கம்ப்யூட்டர் திருத்திய படமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. வார்டில் முயற்சித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் திருத்திய படத்தை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

வார்டில் தையல்காரர் ஒருவர் கிடந்தார். ஆள் மலை மாதிரி. நெஞ்சின் இடது பக்கம், அதே இடத்தில், திரும்பத் திரும்பச் சளி கட்டிக் காய்ச்சல். பழைய படங்கள் எல்லாம் ஒரே சாம்பல் மேகம். மூச்சுப்பிடி கிரிட் இல்லாமல் ஒரு படம் எடுத்தாள். திரையில் மேகம் விலகியது. விலா எலும்புகள் வரிசையாக எழுந்தன. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு!

நெஞ்சு டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "இது உள்ளே இருக்கிறதா, இல்ல உங்க கம்ப்யூட்டர் வரைஞ்சதா?"

நியாயமான கேள்விதான். கணக்கு டாக்டர் மழுப்பவில்லை. "நெருப்பில்லாமலே புகையைக் காட்டக்கூடிய ரகம்தான் சார் இது. நான் சத்தியம் பண்ண மாட்டேன். கிரிட் போட்டுப் பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துடலாம்."

தையல்காரரை நாலு பேர் தாங்கி உட்கார வைத்தார்கள். மூச்சுப்பிடி கிரிட்டைத் துளி சாயாமல் நிறுத்தினாள். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். படம் வந்தது. யாரும் திருத்தாத படம். அதிலும் கோடு இருந்தது, ஒரு முனையில் குட்டித் தலையோடு.

"அண்ணே," என்று மெதுவாகக் கேட்டாள், "தைக்கிறப்போ குண்டூசியை எங்க வெப்பீங்க?"

"வாயிலதாம்மா, உதட்டுல கவ்விக்குவேன்..." அவர் பாதியில் நிறுத்தினார். "ஒருதரம் மூச்சை உள்ள இழுத்துப் பெருசா தும்மினேன். ஒரு ஊசி காணாம போச்சு. கடை பூரா காந்தத்தை வெச்சுத் தேடினேனே! இவதான் எங்கேயோ போட்டுட்டான்னு சண்டை வேற."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி இடுப்பில் கை வைத்தாள். "ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்களே! இப்ப சொல்லுங்க, யாரு எடுத்தா?"

வார்டே சிரித்தது. தையல்காரரும் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஊசியை எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் அதைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து காட்டியதும், கணக்கு டாக்டரும் மூச்சுப்பிடியும் கையைக் கோத்துக்கொண்டு நடைபாதையில் தட்டாமாலை சுற்றினார்கள். "இது ஆஸ்பத்திரி" என்று அதட்ட வாயெடுத்த நர்ஸம்மா, கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

சாயங்காலம் மூச்சுப்பிடி தன் புருஷன் ஓட்டும் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தாள். கதை தும்மலுக்கு வந்தபோது பின் சீட்டுக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். "யாரு எடுத்தா?" என்று தையல்காரர் மனைவி மாதிரியே கையை இடுப்பில் வைத்து அவள் கேட்டபோது, பஸ் குலுங்கியது சிரிப்பிலா மேடு பள்ளத்திலா என்று தெரியவில்லை.

"யோவ் டிரைவர், என் ஸ்டாப்பு போயிடுச்சுய்யா!" என்று ஒருவர் அலறினார்.

"என்னோடதும்தான்!" என்றார் இன்னொருவர்.

"எங்க வீட்டு ஸ்டாப்பே போயிடுச்சு," என்றான் அவள் புருஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.