கீழேயும் ஒரு x

இன்று மாலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"நாப்பது கிளாஸ்ல இருபத்தாறுதான் வந்திருக்கேன். ஹால் டிக்கெட்டுக்கு எழுபத்தஞ்சு பர்சன்ட் வேணும். நாப்பதுல முக்கால்னா முப்பது. இன்னும் நாலு கிளாஸ் போனா போதும்ல?"

"நீ நாலு போனா, நடந்த கிளாஸும் நாப்பத்துநாலு ஆயிடும்டி. மேலயும் x கூட்டணும், கீழயும் x கூட்டணும்" என்ற தோழி, மொபைலில் தட்டிக் காட்டினாள்.

(26 + x) / (40 + x) = 3/4

"x பதினாறு."

"செமஸ்டர்ல மிச்சமே பதினாறுதான்டி! நடுவுல அக்கா கல்யாணம் வேற இருக்கு!"

"மாப்பிள்ளைய ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

எனக்கு அந்தக் கீழ் எண்தான் மனதில் நின்றது. விட்டதைப் பிடிக்க நாம் ஓடினால், அதுவும் கூடவே ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம வீட்டுல உங்க அட்டெண்டன்ஸ் எவ்வளவுன்னும் அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டு வந்திருக்கலாமேங்க" என்றாள்.

எழுபத்தைந்துக்கு மேல் இருப்பவர்கள் மட்டும் கமெண்டில் சிரிக்கலாம்.